கருணையும் கடனும்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போகிறவர்கள், ஆலப்பாக்கம் வருவதற்கு முன்னால் செம்மங்குப்பம் என்னும் சிற்றூரைக் கடந்து செல்கிறார்கள். 2025ஆம் வருஷம் ஜூலை மாதம் 8ஆம் தேதி காலை வரையில் அவ்வூரின் பெயரை ஜில்லாவுக்கு வெளியே அறிந்தவர் அநேகமாய் ஒருவரும் இரார். அன்று காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வேன் ஒன்று அங்குள்ள ரயில்வே கேட்டைக் கடந்தபோது, விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் பாஸஞ்சர் வண்டி அதன்மேல் மோதிற்று. மூன்று பிள்ளைகள் மாண்டனர். வேறு சிலர் காயமுற்றனர். கேட் காப்பாளர் கைதானார். குற்றம் யாருடையது, எவ்வளவு என்பதை விசாரிப்பதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றித் தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை.

நாம் கவனிக்க விரும்பும் விஷயம் வேறு. விபத்து நடந்ததும் உதவித்தொகைகள் அறிவிக்கப்பட்டன. இறந்த பிள்ளையின் குடும்பத்துக்கு 5 லட்சம், படுகாயமுற்றவருக்கு இரண்டரை லட்சம், மற்றக் காயக்காரர்களுக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று ரயில்வேயார் கூறினார்கள். மாநில சர்க்காரும் முதன் மந்திரியின் நிவாரண நிதியிலிருந்து முறையே 5 லட்சம், 1 லட்சம், 50 ஆயிரம் என்று அறிவித்தது. துயரம் நேர்ந்த நாளிலேயே சர்க்கார் கைகொடுப்பது நல்ல காரியம். அதைப் பாராட்டாதவர் இல்லை.

ஆனால் இத்தகைய அறிவிப்பு வெளிவந்த மறுநாள் எந்த ஊர்த் திண்ணையிலும் ஒரு பேச்சு கேட்கும். "சர்க்கார்தான் பணம் கொடுத்துவிட்டதே, இனி என்ன?" என்பதே அந்தப் பேச்சு. பெரியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் இதைச் சொல்கிறார்கள். "கோர்ட்டு வாசல் மிதிக்காதே தம்பி, கிடைத்ததை வைத்துக்கொண்டு பேசாமல் இரு" என்று புத்தியும் கூறுகிறார்கள். இந்தப் புத்திமதியினால் நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் தமக்குச் சேர வேண்டிய பொருளை இழந்திருக்கின்றன. ஏனெனில் உதவித்தொகை வேறு, நஷ்டஈடு வேறு. முன்னது கருணை; பின்னது கடன். கருணை கொடுப்பவரின் மனத்தையும் கஜானாவையும் பொறுத்தது. கடன் அப்படியன்று, அது வாங்குகிறவரின் நஷ்டத்தைப் பொறுத்தது. கருணையைப் பெற்றுக்கொண்டதனால் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

சர்க்காரிடமே கடன் கேட்கலாமா என்று சிலர் மலைப்பதுண்டு. அவர்கள் உதயபுரியில் நடந்த ஒரு வழக்கை அறிந்திருத்தல் நலம். 1952ஆம் வருஷம், அதாவது நம் நாடு குடியரசாகி இரண்டு ஆண்டுகள் ஆன சமயத்தில், அவ்வூர்க் கலெக்டருக்கு உரிய சர்க்கார் ஜீப் ஒன்றைப் பழுதுபார்த்துத் திருப்பிக் கொண்டுவந்த டிரைவர், தெருவில் நடந்து சென்ற ஒருவரை மோதித் தள்ளினார். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவருடைய மனைவியும் சிறு குழந்தையும் ராஜஸ்தான் சர்க்காரின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். சர்க்கார் தரப்பில், அரசுக்கு உரிய பழைய விலக்குகளை எடுத்துக்காட்டி, நாங்கள் பொறுப்பல்ல என்று வாதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. 1962இல் அந்நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. குடியரசாகிவிட்ட நாட்டில், தன் ஊழியன் செய்த இத்தகைய தவறுக்கு மற்ற எஜமானரைப் போலச் சர்க்காரும் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஒரு கைம்பெண், சர்க்காரை எதிர்வாதியாக நிறுத்தி நியாயம் பெற்றாள். சுயராஜ்யம் வந்ததன் அடையாளங்களில் இதையும் ஒன்றாக நாம் எண்ணுகிறோம்.

ரயில் சம்பந்தமான விபத்தில் ஒரு நுட்பம் உண்டு. வண்டியில் பிரயாணம் செய்தவர் விபத்துக்கு உள்ளானால், அவருக்கு ரயில்வே நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது. 1987ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட அதற்குச் சென்னையில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் கேட்டில் அடிபட்டவர் ரயில் பிரயாணி அல்லரே, அவர் எங்கே போவது? இந்தக் கேள்வியும் முன்பே எழுந்து, விடையும் கிடைத்திருக்கிறது. 1979இல் கேரளத்தில், காவலில்லாத ஒரு ரயில் பாதைக் கடப்பில் எக்ஸ்பிரஸ் வண்டி ஒன்று பிரயாணிகள் நிறைந்த வாடகை வாகனத்தை மோதிப் பலரைப் பலி கொண்டது. அதில் எழுந்த வழக்கை 1997இல் முடிவு செய்த உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனமும் சம்பந்தப்பட்ட அத்தகைய விபத்தில் ரயில்வேயையும் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்திலேயே எதிர்வாதியாக்கலாம் என்று கூறியது. இருவருடைய அஜாக்கிரதை சேர்ந்து விபத்தை விளைவித்திருந்தால், வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்தவர் அவ்விருவரில் எவரிடமிருந்தும் முழு நஷ்டஈட்டையும் கேட்கலாம் என்பது 2015இல் அதே நீதிமன்றம் உறுதிப்படுத்திய விதி. குற்றத்தில் தத்தம் பங்கு எவ்வளவு என்பதை அவ்விருவரும் தமக்குள் பிறகு தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சண்டை முடியும் வரையில் அடிபட்ட குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பாயங்கள் எப்போதும் இருந்தவை அல்ல. தென்னாற்காடு ஜில்லாவில் பஸ்களும் லாரிகளும் ஓடத் தொடங்கிய காலத்தில், காயமடைந்தவர் சாதாரண சிவில் கோர்ட்டில் பிராது கொடுத்து, அதற்குரிய கட்டணமும் கட்டி, வருஷக் கணக்கில் அலைய வேண்டியிருந்தது. 1939இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. வழியே போகிறவருக்கு நேரும் நஷ்டத்துக்காக ஒவ்வொரு வாகனமும் இன்ஷ்யூரன்ஸ் செய்திருக்க வேண்டும் என்ற அதன் பகுதி, 1946 ஜூலை மாதந்தான் அமலுக்கு வந்தது. விபத்து வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயம் வைக்கலாம் என்றது 1956ஆம் வருஷத்துத் திருத்தம். இப்போது நடப்பது 1988ஆம் வருஷத்துச் சட்டம். விபத்து நடந்த இடம், அடிபட்டவர் வசிக்கும் இடம், எதிர்வாதி வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் எதற்கு அதிகாரம் உள்ள தீர்ப்பாயத்தில் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம் என்பது அதில் ஏழைக்கு உள்ள பெரிய சௌகரியம். ஆகவே சிதம்பரத்துக்காரர் ஒருவர் வெளியூர்ச் சாலையில் அடிபட்டாலும், அந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. சிதம்பரம் சார்பு நீதிமன்றத்திலேயே மனுவைத் தாக்கல் செய்யலாம். கடலூரிலும் அவ்வாறே.

இனி, கருணைக்கும் கடனுக்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிதம்பரத்தில் 38 வயதுள்ள தச்சர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிறார். லாரி மோதி அவருடைய வலது கை பயனற்றுப் போயிற்று. சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்கு உட்பட்டவருக்கு, வருங்காலத்தில் வருமானம் உயரக்கூடும் என்பதற்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் விதித்தது. அது உயிர்ச்சேத வழக்கு. காயமுற்றவருக்கும் இவ்வாறு சேர்க்க வேண்டியதே என்று 2020இல் அந்நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே மாதம் 21,000. வருஷத்துக்கு 2,52,000 ரூபாய். சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 60 பங்கு போய்விட்டது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், வருஷ நஷ்டம் 1,51,200 ரூபாய். வயதுக்கு ஏற்ப இதை இத்தனையால் பெருக்குவது என்று 2009இல் ஓர் அட்டவணை வகுக்கப்பட்டது. 36 முதல் 40 வயது வரைக்கும் பெருக்கும் எண் 15. பெருக்கினால் வருவது 22,68,000 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு, பட்ட வேதனை, படுக்கையில் கிடந்த மாதங்களின் கூலி, பக்கத்திலிருந்து பார்த்தவரின் செலவு இவையெல்லாம் இன்னும் சேரவில்லை. மனுக் கொடுத்த நாளிலிருந்து வட்டி வழங்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. 50 ஆயிரத்தை வாங்கிக்கொண்டு திருப்தியடைந்த தச்சர் எதை விட்டுவிட்டார் என்பது இப்போது விளங்கும்.

இக்கணக்கில் முக்கியமான இடம் அந்த 60 என்ற எண்தான். டாக்டர் கொடுக்கும் ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு என்று 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. ஒரே விதமான ஊனம் இருவருக்கு ஒரே நஷ்டத்தை உண்டாக்குவதில்லை. கையை இழந்த தச்சருக்குத் தொழிலே போகலாம். கையை இழந்த குமாஸ்தா உத்தியோகத்தில் நீடிக்கக்கூடும். கடலூர் முதுநகரில் வலை இழுக்கிறவரின் தோள்பட்டையையும், கடையில் கணக்கு எழுதுகிறவரின் தோள்பட்டையையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஆகவே தாம் என்ன தொழில் செய்தவர், அதில் எதை இனிச் செய்ய இயலாது என்பதைத் தீர்ப்பாயத்தில் விவரமாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு மனுதாரருடையது. "கை போயிற்று" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடலாகாது.

"எங்களுக்குச் சம்பளச் சீட்டு ஏது, வருமானத்துக்கு ருஜு ஏது?" என்று கூலிக்காரர்கள் தயங்குவதுண்டு. கர்நாடகத்தில் 24 வயதுக் காய்கறி வியாபாரி ஒருவர் வாகனம் மோதி வலது காலை இழந்தார். அவரிடம் எந்தச் சீட்டும் இல்லை. காய்கறி விற்கிறவனிடம் வருமானத்துக்குக் காகிதம் கேட்பது நியாயமன்று என்று கருதிய உச்ச நீதிமன்றம், 2014இல், அவருடைய வருமானத்தை மாதம் 6,500 ரூபாய் என்று தானே மதிப்பிட்டது. கால் இல்லாமல் தெருத் தெருவாகச் சென்று விற்க முடியாது என்பதால், சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 85 பங்கு போயிற்று என்றும் தீர்மானித்தது.

சம்பாத்தியமே இல்லாத குழந்தைகளின் விஷயம் இன்னும் உருக்கமானது. 2007இல் ஹரியானாவில் பெற்றோரோடு டிராக்டரில் சென்ற 12 வயதுச் சிறுமியை லாரி மோதியது. தலையில் பட்ட அடியினால் அவள் அறிவு கைக்குழந்தையின் நிலைக்குத் திரும்பிவிட்டது. முதலில் தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்ச ரூபாய். ஹைகோர்ட்டு அதைச் சுமார் 25 லட்சத்து 78 ஆயிரமாக உயர்த்தியது. 2020இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது 62 லட்சத்துக்கும் மேல். இந்தப் பெண்ணை வாழ்நாள் முழுவதும் கவனிக்க இரண்டு ஆட்கள் வேண்டும், தாய் செய்கிறாள் என்பதற்காக அந்த உழைப்புக்கு விலையில்லை என்று ஆகாது என்னும் முறையில் கணக்குப் போடப்பட்டது. மேல் முறையீடு செய்யாமல் அந்தப் பெற்றோர் முதல் தொகையோடு திருப்தியடைந்திருந்தால், அப்பெண்ணின் பிற்காலம் என்னவாகியிருக்கும்?

சிதம்பரம் ஆயிரக்கால் மண்டபத்தில் சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றினார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. அந்நூலின் தொடக்கத்திலேயே திருவாரூர்ச் சோழன் மனுவின் கதை வருகிறது. இளவரசனின் தேர்க்காலில் கன்று நசுங்கி மாண்டது. தாய்ப் பசு அரண்மனை வாசலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. வாகன விபத்துக்கு நியாயம் கேட்ட வழக்கு இதைவிடப் பழையது தமிழ் நாட்டில் இராது. நாம் எல்லோரும் அரசனுடைய நீதியை வியந்து பேசுகிறோம். பசு மணியை அசைத்ததைப் பற்றி அவ்வளவாக நினைப்பதில்லை. அது அசைக்காவிட்டால், கன்று மாண்ட செய்தியே அரசன் காதுக்கு எட்டியிராது.

இக்காலத்தில் மணி கட்டித்தான் இருக்கிறது, அசைப்பவர்தாம் குறைவு. மோதிவிட்டு நிற்காமல் ஓடிப்போகும் வாகனங்களின் கதையைக் கேளுங்கள். வாகனம் எதுவென்றே தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் படுகாயமுற்றவருக்கு 50 ஆயிரமும் கொடுக்க 2022 ஏப்ரல் முதல் ஒரு திட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையிலுள்ள உத்தியோகஸ்தரிடம் மனுக் கொடுத்தால் போதும், வழக்காட வேண்டியதில்லை. 2022ஆம் வருஷத்தில் இந்தியா முழுவதும் பதிவான இத்தகைய விபத்துக்கள் 67,387. 2022-23ஆம் கணக்கு வருஷத்தில் வந்து சேர்ந்த மனுக்கள் எத்தனை தெரியுமா? 205. அவற்றுள் தீர்ந்தவை 95. இந்த அநியாயத்தை 2024 ஜனவரியில் கவனித்த உச்ச நீதிமன்றம், இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் போலீஸாரே அடிபட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பணம் இல்லாமையைவிடச் செய்தி தெரியாமையே இங்கே பெரிய தரித்திரமாக இருக்கிறது.

ஆகவே, செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். முதற் காரியம் உயிரைக் காப்பது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைத் தமிழ் நாட்டுச் சர்க்கார் 2021 டிசம்பரில் தொடங்கிற்று. 2025 மே மாதத்தில் மத்திய சர்க்காரும், ஏழு நாள் வரையில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சைக்குப் பணம் கேட்கலாகாது என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்காகத் தாலியை அடகு வைக்கு முன்பு இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரப் பணத்துக்காகக் கண்ட காகிதத்தில் கையெழுத்திடும் ஆபத்தும் இதனால் குறையும்.

இரண்டாவது, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ அடிபட்டவரைச் சேர்க்கும்போது, எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டு எழுதுகிறார். கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரியை வைத்தே இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பிற்பாடு வழக்கை மறுக்கும். எந்த வாகனம், எந்த இடம், எந்த நேரம் என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

மூன்றாவது, போலீஸ் ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கை. அடிபட்டவரைக் காப்பாற்றும் ஓட்டத்தில் புகார் கொடுக்கத் தாமதமானால், அது ஒன்றினாலேயே வழக்குக் கெட்டுவிடாது என்று 2011இல் தீர்ப்பு உண்டு. அதற்காக வேண்டுமென்று தாமதிக்கக் கூடாது. விபத்தைப் பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்தில் தீர்ப்பாயத்துக்கும், விவரமான அறிக்கையை 90 நாளில் அனுப்ப வேண்டியது போலீஸாரின் கடமை என்று 2022இல் அமலான விதிகள் கூறுகின்றன. அந்த அறிக்கையையே மனுவாக ஏற்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அனுப்பினார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை. டிரைவர் கிரிமினல் வழக்கில் விடுதலையானாலும் மனம் தளர வேண்டாம். அங்கே ஐயத்துக்கு இடமின்றி ருஜுப்பிக்க வேண்டும். நஷ்டஈட்டு வழக்கில், நடந்திருக்கக் கூடியது எது என்ற அளவு ருஜு போதும்.

நான்காவது, காலம். 1994இலிருந்து இவ்வழக்குகளுக்குக் கெடுவே இல்லாமல் இருந்தது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். 2022 ஏப்ரலில் அது அமலாயிற்று. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன. காலங் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் பிறந்தது. ஆயினும் இடைக்கால உத்தரவை நம்பிச் சோம்பியிருப்பது விவேகமாகாது. ஆறு மாதத்துக்குள் மனு போய்விட வேண்டும் என்பதையே குடும்பங்கள் விதியாகக் கொள்ளட்டும்.

கண்ணிகள் சிலவும் உண்டு. ஸ்டேஷன் வாசலில் வாகனச் சொந்தக்காரர் 20 ஆயிரத்தை நீட்டி, "ஏதோ நம்மாலானது, அண்ணே" என்று சமரசக் கடிதம் கேட்பார். அடிபட்டவரின் எலும்பு கூடுமா, கூடாதா என்று டாக்டருக்கே தெரியாத சமயம் அது. அப்போது எழுதிக் கொடுக்கும் கடிதம் பிற்பாடு கழுத்தைச் சுற்றும். அதே போல், யாருடைய தவறு என்று ருஜுப்பிக்காமலே படுகாயத்துக்கு இரண்டரை லட்சம் பெறும் வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. தவறு யாருடையது என்று காட்ட முடியாதவருக்கு அது நல்ல துணை. ஆனால் அதை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால் பெரிய தொகைக்கான மனு அற்றுப்போகும். லோக் அதாலத்தில் ஒப்பும் முடிவும் இறுதியானது. அதன்மேல் அப்பீல் இல்லை. இவற்றில் எதுவும் தீயது அன்று. ஊனம் எவ்வளவு என்று தெரிந்து, கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு ஒப்பலாம். தெரியாமல் ஒப்புவதே தீது.

ஆஸ்பத்திரிக் கட்டிலண்டை வந்து நிற்கும் தரகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசிக்கொள்வது இந்திய பார் கவுன்சில் விதிகளுக்கு முரணானது. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து எக்காரணத்தாலும் இடக் கூடாது. பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும், ஊனமுற்றோருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுப்பதற்கு 1987ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி கடலூரில் ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சிதம்பரத்தில் வட்டக் குழு இருக்கிறது. தரகரை நாடுமுன் அங்கே போய்க் கேட்பது நல்லது.

உரிமையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், கடமையையும் சொல்லாமல் விடலாகாது. அடிபட்டவரின் பேரிலும் தவறு இருந்தால், அந்த அளவுக்கு நஷ்டஈடு குறையும். அது நியாயமே. நடக்காத விபத்துக்குக் கேஸ் சேர்ப்பவர்களும், வீட்டில் வழுக்கி விழுந்ததை லாரியின்மேல் போடுகிறவர்களும் நாட்டில் இல்லாமலில்லை. அவர்கள் ஏமாற்றுவது கம்பெனியை மட்டும் அன்று. உண்மையாக அடிபட்ட ஏழையின் சொல்லையும் நீதிபதி சந்தேகிக்கும்படி செய்கிறார்கள். பொய்யாக மணியடிப்பவன், மெய்யாக அடிக்கிறவனுக்குத் துரோகி.

அடிபட்டவர் படுக்கையில் கிடக்கும்போது இக்காரியங்களையெல்லாம் யார் செய்வது? பெரும்பாலும் வீட்டுப் பெண்களே செய்ய வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு யோசனை கூறுகிறோம். ஒரு துணிப்பையை எடுத்து, மருந்துக் கடை ரசீது முதல் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்த வாடகை வண்டிச் செலவு வரையில் எல்லாவற்றையும் தேதிவாரியாக அதில் போட்டுவாருங்கள். ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று யார் பக்கத்திலிருந்தார், எதைச் செய்ய முடியவில்லை, எவ்வளவு செலவு. எழுதத் தெரியாத வீடானால், பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் படித்தவரோ எழுதித் தரலாம். இரண்டு வருஷங் கழித்துக் கூண்டில் ஏறி நிற்கும்போது, அந்தப் பையும் நோட்டும் எந்த வக்கீலின் சாமர்த்தியத்தையும்விட அதிகம் பேசும்.

இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களுக்குப் படிப்பு இருக்கிறது. விசாரித்து அறியச் சௌகரியமும் இருக்கிறது. நம் தெருவில் பால் கறப்பவரும், நம் வீட்டு மரவேலை செய்பவரும் அடிபடும் நாளில், பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதோடு நில்லாமல், விபத்துப் பதிவேட்டின் நகல் வாங்கினீர்களா, ஆறு மாதக் கெடு தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்போமாக. நம்மால் ஆகக்கூடிய உதவி இதுவே. அவருக்குச் சேர வேண்டிய கடன் அவர் கைக்கு வந்து சேர்வதற்குப் பல சமயங்களில் அந்த ஒரு கேள்வியே போதும்.